மூன்றரை மரை

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது.
உறைமேல் வடிவமைப்புப் பிரிவு என்றுதான் எழுதப்போகிறேன்.
இது ஐடஹோ, சால்மன் ஊர், பிப்ரவரி மாதம்.
லேத்தின் எண்ணெய்கூட இறுகிப்போன காலை.

லோரீன் ஹட்செக், எங்கள் ஷெரிஃபின் துணை அதிகாரி,
சரளைக் குழியில் தகுதித் தேர்வுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள்.
அறுபத்தொன்றாவது தோட்டா.
துப்பாக்கி முதுகில் இருந்த கண்ணாடி
அவள் கன்னத்தைக் கீறி, காதைத் தாண்டி,
பின்னால் எங்கோ போய் விழுந்தது.
தேடி எடுத்தவன் கண்ணில் வைத்துப் பார்த்தானாம்:
சிவப்புப் புள்ளி அப்படியே எரிகிறது,
எதிரே வெறும் பனி.

இப்போது அந்தக் கைத்துப்பாக்கி என் வைஸில்.
பிய்ந்த திருகாணியில் பிடித்திருந்த மரைகளை எண்ணினேன்.
மூன்றரை.
நான்கு என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.
என் கோட்டுப் பொத்தானை
இதைவிட நம்பிக்கையாகத் தைத்திருக்கிறார்கள்.

கறுப்புப் பூச்சு அருமை, அதை மறுக்கவில்லை.
ஆனால் ஸ்லைடின் மேல் தகடு, தகட்டின் மேல் கண்ணாடி:
வாடகைக்கு வந்தவன் மொட்டைமாடியில்
இன்னொருவனைக் குடிவைத்த கதை.
மேலே இருப்பவனுக்கும் வீட்டுச் சொந்தக்காரனுக்கும்
முகப் பழக்கமே கிடையாது.

திருகாணிக்கு அமுக்கிப் பிடிக்கத் தெரியும்.
உதை வாங்கத் தெரியாது.
ஒவ்வொரு வெடிக்கும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து முட்டுகிறது,
திரும்பி வந்து முன்னால் அறைகிறது.
கண்ணாடியோ சோம்பேறி,
எதில் இருந்ததோ அதிலேயே இருக்கப் பார்க்கும்.
அந்தச் சண்டையைத் தாங்க இரண்டு முளை போதும்,
மிளகு மிளகாய் இரண்டு துண்டு எஃகு.
அதையும் வழித்து எடுத்துவிட்டீர்கள்,
கட்டர் ஒரே ஓட்டத்தில் போகட்டும் என்று.

நீளமான திருகாணி போடலாமே என்பீர்கள்.
வலது துளைக்கு அடியில் என்ன இருக்கிறது?
நீங்களே வரைந்ததுதான்,
வெற்று உறையை இழுத்தெறியும் கொக்கியின் ஸ்பிரிங்.
அரை மில்லிமீட்டர் கூடினால் அதன் கழுத்தில் கால்.
குட்டையானால் பறக்கும், நெட்டையானால் கவ்வும்.
இரண்டுக்கும் நடுவே விட்ட இடத்தில்தான்
லோரீனின் கன்னம் இருந்தது.

பின்குறியையும் அதே தகட்டில் பொருத்தியது யார் யோசனை?
கண்ணாடி போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போகிறது.
உயிர்காக்கும் படகை
நங்கூரத்தோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறீர்கள்.

நவம்பரில் ஒரு கடிதம் போட்டேன்.
பதிலுக்கு ஒரு தொப்பி வந்தது, கம்பெனி முத்திரையோடு.
கூடவே ஒரு பொட்டலம் திருகாணி.
அளந்தேன். அதே நீளம்.
தொப்பி இந்தக் குளிருக்குக் காதை மூடுவதில்லை.

இவ்வளவு எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.
வெர்ன் ஆஸ்ப்லண்ட் விஷயம் ஒன்று இருக்கிறது.
போன செப்டம்பர், இதே துப்பாக்கி, இதே துளை,
நெட்டைத் திருகாணியைப் போட்டது நான்.
அளக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது.
அன்றிலிருந்து அவனுக்கு உறை சிக்குகிறது.
தோட்டாவைக் குறை சொன்னேன்,
மூன்று கம்பெனி மாற்றிப் பார்த்தான்.
பிறகு அவன் மணிக்கட்டைக் குறை சொன்னேன்.
அதையும் நம்பினான் பாவி.
ரப்பர் பந்து ஒன்று வாங்கி
லாரி ஓட்டும்போதெல்லாம் பிசைந்துகொண்டிருக்கிறான்.

லோரீனின் துப்பாக்கியைத் திறந்த பிறகுதான்
அந்த ஸ்பிரிங் எனக்குக் கண்ணில் பட்டது.
உங்கள் வரைபடத்தில் அது முதல் நாளிலிருந்தே இருந்திருக்கும்.

வெர்னைச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.
எதற்கென்று சொல்லவில்லை.
அரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாயிற்று.

பதில் போடுங்கள்.
தொப்பி வேண்டாம்.

ஆ. ஸ்டெக்கல்பர்க்